வெறும் கொழுப்புக் கட்டிதானா?

"கொழுப்புக் கட்டிதான், பயப்பட ஒண்ணுமில்ல." நம் ஊர் மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவில் நாள்தோறும் காதில் விழும் பேச்சு இது. முதுகிலோ பிடரியிலோ உச்சந்தலையிலோ வலியில்லாத ஓர் உருண்டையோடு வருகிறவர் இதைக் கேட்டதும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். அதில் தவறும் இல்லை. தோலுக்கடியில் தட்டுப்படும் சிறு கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை உயிருக்கு ஆபத்தில்லாதவை. பழகிய கை தொட்டுப் பார்த்தே அவற்றின் பெயரைச் சொல்லிவிடும். ஆனால் அந்தக் கணிப்பு தொடர்ந்து சரியாக இருப்பதாலேயே அதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. கட்டி வேறு என்று தெரிய வருவது பெரும்பாலும் அறுத்த பிறகுதான். சில சமயம், அறுத்ததைக் குப்பையில் போட்ட பிறகு. சாதாரண சிஸ்ட், அதாவது பை போன்ற தோலடிக் கட்டி, எதையெல்லாம் போல் தோன்றும், எவையெல்லாம் சாதாரண சிஸ்ட் போல் தோன்றும் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எந்தக் கட்டிக்குக் கை போதும், எதற்கு ஸ்கேன், எதற்கு ஊசி, எதற்குக் கத்தி என்பது அப்போதுதான் பிடிபடும்.

மிக அதிகமாகக் காணப்படும் கட்டியிலிருந்து தொடங்குவோம். மருத்துவர்கள் எபிடெர்மாய்டு சிஸ்ட் என்பது மயிர்க்காலின் மேல்வாய்ப் பகுதியில் பிறக்கிறது. அங்குள்ள செல்கள் உள்நோக்கி ஒரு பையாக வளர்கின்றன. பையின் சுவர் நம் மேல்தோலைப் போன்றதே. மேல்தோல் நாள்தோறும் கெரட்டின் என்ற புரதத்தை உதிர்ப்பதுபோல் இதுவும் உதிர்க்கிறது. உதிர்ந்தது வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சேர்ந்துகொண்டு போகிறது. பிதுக்கினால் வரும் வெண்மையான, மூக்கைப் பிடிக்க வைக்கும் கூழ் அந்தக் கெரட்டின்தான். அதில் கொழுப்பின் பங்கு சொற்பம். அறுத்தெடுத்த சிஸ்டை நோயியல் மேசையில் இரண்டாக வெட்டினால், உள்ளே அந்தக் கெரட்டின் வெங்காயத்தைப் போல் அடுக்கடுக்காக இருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தால் சுவரில் தட்டைச் செல்கள் பல வரிசையாகவும், அவற்றின் மேல் கருநீலத் துகள்கள் நிரம்பிய ஓர் அடுக்கும் தெளிவாக இருக்கும். இந்த இரண்டும் இருந்தால் நோயியல் மருத்துவருக்குச் சந்தேகமே வராது.

மேசையில் இவ்வளவு எளிதாக இருப்பது நோயாளியின் உடம்பில் இருக்கும்போது அவ்வளவு எளிதல்ல. கையில் கிடைக்கும் தடயங்கள் சில. கட்டியின் உச்சியில் ஒரு சிறு கறுப்புப் புள்ளி இருக்கும். அடைபட்ட மயிர்க்காலின் வாய் அது. அந்தப் புள்ளியில் கட்டி தோலோடு ஒட்டியிருக்கும். இரண்டு விரலால் மேல்தோலைக் கிள்ளித் தூக்கினால் அந்த ஓரிடம் மட்டும் எழும்பாமல் உள்ளே குழிந்து நிற்கும். அடியில் உள்ள தசையின் மேல் கட்டி தாராளமாக நகரும். இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் கையை நம்பலாம். புள்ளி இல்லாவிட்டால் சிஸ்ட் இல்லை என்று அர்த்தமாகாது. பல சிஸ்ட்களில் அது கண்ணில் படுவதே இல்லை. ஆனால் புள்ளியும் இல்லை, தோலோடு ஒட்டவும் இல்லை என்றால் கணிப்பின் உறுதி பாதியாகக் குறைந்துவிட்டது என்பதை மருத்துவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டும்.

உண்மையான கொழுப்புக் கட்டி, அதாவது லைப்போமா, இதிலிருந்து வேறுபட்டது. அது மெத்தென்று இருக்கும். மேல்தோலோடு ஒட்டாது. ஓரத்தை விரலால் அழுத்தினால் வழுக்கி அந்தப் பக்கம் போய்விடும். மணிக்கட்டின் மேல்புறத்தில், மூட்டை ஒட்டி வரும் கேங்ளியான் என்ற நீர்க்கட்டியில் பென் டார்ச்சை வைத்தால் ஒளி ஊடுருவும். இவ்விரண்டிலும் பெரிய குழப்பம் வருவதில்லை.

தலையில் வரும் கட்டி வேறு வகை. பிலார் சிஸ்ட் எனப்படும் இதில் 90 சதவீதம் தலைத்தோலில்தான் வரும். மயிர்க்காலின் நடுப்பகுதியில் பிறப்பதால் மேலே கறுப்புப் புள்ளி இருக்காது. அழுத்தமாக, வழவழப்பாக இருக்கும். பெரும்பாலும் ஒன்றோடு நிற்காது, நான்கைந்து வரும். தாய்க்கோ அத்தைக்கோ இருந்ததாக நோயாளியே சொல்வார், ஏனென்றால் குடும்பத்தில் வழிவழியாக வரும் இயல்புடையது. இதன் சுவரில் துகள் அடுக்கு கிடையாது. செல்கள் திடீரென்று கெரட்டினாக மாறிவிடுகின்றன. உள்ளே சுண்ணாம்பு படிவதும் சகஜம்.

இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜார்ஜின் தலையில் இருந்த இப்படியொரு கட்டியை 1820களின் தொடக்கத்தில் அறுத்தெடுத்தவர் லண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர். கிருமிக்கொல்லியும் மயக்க மருந்தும் இல்லாத காலம். தலைக் காயத்தில் அக்கி போன்ற செவ்வழற்சி பரவி உயிரே போகக்கூடும் என்பதால் அந்தச் சிறு அறுவைக்கு அவர் தயங்கினார். மன்னர் பிழைத்தார், கூப்பருக்குப் பேரனெட் பட்டம் கிடைத்தது. அவருடைய உறவினரும் கைஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவருமான எட்வர்ட் காக் பெயரில் இன்றும் மாணவர்கள் படிக்கும் ஒரு நோய் இருக்கிறது. தலையில் உள்ள சிஸ்ட் உடைந்து, சீழ்பிடித்து, புண்ணாகி, உள்ளிருக்கும் திசு வெளியே பிதுங்கிக் காலிஃபிளவர் வடிவத்தில் நிற்கும் நிலை அது. பார்த்த மாத்திரத்தில் யாரும் தோல் புற்றுநோய் என்றே சொல்வார்கள். நாற்றம், இரத்தக் கசிவு, தடித்த விளிம்பு எல்லாம் இருக்கும். அறுத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது சாதாரண சிஸ்ட்.

அந்த நோய் இரண்டு பக்கமும் பாடம் சொல்கிறது. அதைப் புற்றுநோய் என்று முடிவுகட்டித் தலையின் பெரும்பகுதித் தோலை அகற்றுவது ஒரு தவறு. அந்தக் கதையைப் படித்துவிட்டு, தலையில் புண்ணான கட்டி எல்லாம் பழைய சிஸ்ட் என்று நினைப்பது அதைவிடப் பெரிய தவறு. வயதான பெண்களின் தலையில் பிலார் சிஸ்டின் சுவரே பெருகி வளர்ந்து பெரிய கட்டியாகும் இன்னொரு நிலையும் உண்டு. அதில் பெரும்பாலானவை தீங்கற்றவை, சில புற்றாக நடந்துகொள்பவை. ஓரத்தில் கிள்ளியெடுத்த சிறு துண்டை வைத்து இதைப் பிரித்தறிவது நோயியல் மருத்துவருக்கே கடினம். முழுக் கட்டியும் கைக்கு வர வேண்டும்.

தீங்கற்றதைப் புற்று என்று தவறாகப் படிப்பதில் குழந்தைகளும் பாதிக்கப்படுகிறார்கள். பைலோமேட்ரிகோமா என்ற கட்டியை 1880-இல் பிரான்சைச் சேர்ந்த மலெர்ப், ஷெனாந்தே ஆகிய இருவர் முதலில் விவரித்தார்கள். கன்னம், கழுத்து, மேற்கை ஆகிய இடங்களில், பெரும்பாலும் 20 வயதுக்குள் வரும். தொட்டால் கல். மேல்தோலை இழுத்துப் பிடித்தால் உள்ளே முனைகளும் தளங்களும் தெரியும். சில சமயம் நீலம் பாய்ந்திருக்கும். இதில் ஊசி போட்டு உறிஞ்சிப் பார்க்கும் செல் பரிசோதனை, அதாவது எஃப்.என்.ஏ.சி., செய்தால் நெருக்கமாகக் கிடக்கும் சிறிய கருஞ்செல்கள் கூட்டமாக வரும். பார்ப்பதற்குப் பயமுறுத்தும். உட்கரு கரைந்துபோய் வெறும் கோடாக நிற்கும் நிழல் செல்களும் கூடவே இருந்தால் நோயை அடையாளம் காணலாம். ஊசியில் அவை ஏறாவிட்டால் ஸ்லைடைப் பார்ப்பவர் புற்றுநோய் என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. பத்து வயதுப் பிள்ளையின் கன்னத்தில் உள்ள கல் போன்ற கட்டிக்கு, ஒரே ஓர் ஊசிப் பரிசோதனையை நம்பிப் பெரிய அறுவையோ கீமோவோ பேசக்கூடாது. கட்டியை முழுதாக எடுத்து அனுப்பிப் பதில் வரும்வரை பொறுக்கலாம். அந்தச் சில நாட்கள் பெற்றோருக்கு நெருப்பாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் பொறுப்பதே சரி.

அழற்சி வந்த சிஸ்டைப் பற்றி ஒரு பழைய பிழை இன்னும் ஓயவில்லை. பல வருடம் சும்மா இருந்த கட்டி திடீரென்று சிவந்து, வீங்கி, வலிக்கிறது. உடனே சீழ்க்கட்டி என்று முடிவாகி ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் எழுதப்படுகிறது. உண்மையில் நடப்பது பெரும்பாலும் வேறு. சுவர் கிழிந்து கெரட்டின் வெளியே சிந்திவிட்டது. தோலடித் திசுவுக்கு அது அந்நியப் பொருள். உடம்பு அதன்மேல் படையெடுக்கிறது, பெரிய பல்கரு செல்கள் வந்து விழுங்கப் பார்க்கின்றன. 1998-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, அழற்சி வந்த சிஸ்ட்களிலும் வராதவற்றிலும் உள்ள கிருமிகளை ஒப்பிட்டு, இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று காட்டியது. அதாவது சிவப்புக்குக் காரணம் எல்லா நேரமும் கிருமி அல்ல. உண்மையில் சீழ் கட்டியிருந்தால் கீறி வெளியேற்ற வேண்டும். மற்றபடி ஆறவிட்டு, சில வாரம் கழித்துச் சுவரோடு சேர்த்து எடுப்பதுதான் முறை. சிவந்து கிடக்கும்போது சுவர் கையில் சிக்காது. மிச்சம் விட்ட சுவர்த் துண்டிலிருந்து கட்டி மறுபடி முளைக்கும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அழற்சி வந்து ஆறிய சிஸ்ட் வடுவால் இறுகி, அடித்திசுவோடு ஒட்டிக் கெட்டியாகிவிடும். நகராத, கெட்டியான கட்டி புற்றுக்கு உரிய அடையாளம் என்று நாம் கற்றது இங்கே பொருந்தாமல் போகும். மார்பகத் தோலில் இப்படி ஒன்று இருந்தால், மேமோகிராமிலும் கைப் பரிசோதனையிலும் மார்பகப் புற்றைப் போலவே தோன்றி அந்தப் பெண்ணை உலுக்கியெடுத்துவிடும்.

இடம்தான் என் கணிப்பில் எல்லாத் தடயங்களிலும் பெரியது. அளவு, வலி, வயது எல்லாம் அதற்கு அடுத்தவைதான். ஒரே தோற்றமுள்ள கட்டி, இருக்கும் இடத்தைப் பொறுத்து அற்பமாகவும் இருக்கலாம், அபாயமாகவும் இருக்கலாம்.

குழந்தையின் மூக்குத்தண்டில், நெற்றியின் நடுக்கோட்டில், பிறந்ததிலிருந்தே இருக்கும் கட்டியை எடுத்துக்கொள்வோம். அது டெர்மாய்டு சிஸ்டாக இருக்கலாம். கரு வளரும்போது தோலின் ஒரு துண்டு உள்ளே மாட்டிக்கொண்டதால் வருவது. சில குழந்தைகளில் அதிலிருந்து ஒரு குழாய் மண்டையோட்டைத் துளைத்து மூளை உறை வரைக்கும் போகும். அதே இடத்தில் மூளைத் திசுவே வெளியே பிதுங்கிய கட்டியும் வரலாம். குழந்தை அழும்போது கட்டி பெரிதானால் உள்ளே தொடர்பு இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டும். பெரிதாகாவிட்டாலும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நடுக்கோட்டுக் கட்டியில் எம்.ஆர்.ஐ. எடுக்காமல் ஊசி போடுவதும் கத்தி வைப்பதும் மூளைக்காய்ச்சலுக்கு வாசல் திறப்பதாகும். புருவத்தின் வெளி ஓரத்தில் வரும் டெர்மாய்டு பெரும்பாலும் எளிமையானது. நடுக்கோடுதான் எச்சரிக்கை.

கண்ணிமையில் வரும் கட்டி நமக்குக் குறிப்பாக முக்கியம். இமையின் எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக்கொண்டு வரும் கலேசியான் என்ற சிறு கட்டி எல்லா வயதிலும் வரும், கீறினால் சரியாகிவிடும். அதே சுரப்பியில் பிறக்கும் செபேஷியஸ் கார்சினோமா என்ற புற்றும் முதலில் அப்படியேதான் இருக்கும். மேலை நாடுகளில் அது அரிது. இந்தியாவில் கண்ணிமைப் புற்றுகளில் அதன் பங்கு மிகப் பெரியது. அதனால் இங்கே ஒரு விதியைக் கறாராகப் பின்பற்றலாம். நடுவயதைத் தாண்டியவருக்கு, கீறிய இடத்திலேயே கலேசியான் மறுபடி வந்தால், சுரண்டியெடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். இமை முடி உதிர்ந்திருந்தால் முதல் தடவையே அனுப்ப வேண்டும். அதே இமை விளிம்பில் நீலம் கலந்த கண்ணாடி போன்ற சிறு நீர்க்கட்டி வந்தால் அது வியர்வைச் சுரப்பியின் ஹைட்ரோசிஸ்டோமாவாக இருக்கலாம். நிறத்தைப் பார்த்து மெலனோமா என்ற தோல் புற்றோ என்று பயப்படத் தோன்றும்.

கழுத்தின் பக்கவாட்டில் வரும் நீர்க்கட்டி இளைஞருக்கு வந்தால் பிறவியிலேயே தங்கிய பிராங்கியல் சிஸ்ட் என்று நினைப்பது நியாயம். 40 வயதைத் தாண்டியவருக்கு முதன்முதலாக வந்தால், வேறு என்று நிரூபணமாகும் வரை அதைப் புற்று பரவிய நிணநீர்க்கணு என்று எண்ணியே சோதிக்க வேண்டும். டான்சிலிலோ நாக்கின் அடியிலோ இருக்கும் சிறு புற்றும் தைராய்டின் பாப்பிலரி புற்றும் கழுத்துக் கணுவில் பரவும்போது நீர் கோத்த பையாக மாறும் வழக்கமுடையவை. ஊசியில் வருவது வெறும் மஞ்சள் நீர். "செல் எதுவும் தெரியவில்லை" என்று ரிப்போர்ட் வரும். அந்த வரியை "ஒன்றும் இல்லை" என்று படிப்பதுதான் அபாயம்.

தலைக்குத் திரும்பினால், துடிக்கிற கட்டி வேறு பேச்சு. தைராய்டின் ஃபாலிக்குலர் புற்றும் சிறுநீரகப் புற்றும் மண்டையோட்டுக்குப் பரவும்போது தலையில் மெத்தென்ற, இரத்தம் நிரம்பிய கட்டியாக முளைக்கும். பிலார் சிஸ்ட் என்று நினைத்து ஊசிமருந்து போட்டுக் கீறியவருக்கு இரத்தத்தை நிறுத்துவதே பெரும் பாடாகிவிடும். தலையில் அடிபட்டுச் சில வாரம் கழித்து நெற்றிப்பொட்டில் வரும் உருண்டை, தமனி கிழிந்து பலூனான அனியூரிசமாக இருக்கலாம். கத்தி எடுக்கும் முன் விரலை வைத்துத் துடிப்பு இருக்கிறதா என்று பார்க்க ஐந்து விநாடி போதும்.

காது மடல் நம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் குத்தப்படும் இடம். குத்திய துளையில் தோல் செல்கள் உள்ளே தள்ளப்பட்டு எபிடெர்மாய்டு சிஸ்ட் வருவதுண்டு. அதே இடத்தில் தழும்புக் கட்டியான கீலாய்டும் வரும். இரண்டுக்கும் வைத்தியம் நேர்மாறு. ஸ்டீராய்டு ஊசி கீலாய்டைச் சுருக்கும், சிஸ்டை ஒன்றும் செய்யாது. உள்ளங்கையிலும் பாதத்திலும் மயிர்க்கால் இல்லை. அங்கே வரும் சிஸ்ட் பெரும்பாலும் முள் குத்தியோ காயம்பட்டோ வந்தது. வெறுங்காலோடு வயலில் நிற்பவர்கள் ஆணி என்று நினைத்து பிளேடால் சீவிக்கொள்வார்கள்.

எண்ணிக்கையும் ஒரு தடயம். மார்பிலும் அக்குளிலும் சின்னச் சின்னதாகப் பல கட்டிகள், குத்தினால் எண்ணெய் போன்ற திரவம் என்றால் அது ஸ்டீட்டோசிஸ்டோமா. எண்ணெய்ச் சுரப்பியின் உண்மையான சிஸ்ட் இதுதான். தொல்லையே தவிர ஆபத்தில்லை. ஆனால் பருவம் எய்தும் முன்பே ஒரு பிள்ளைக்கு முகத்திலும் காலிலும் பல எபிடெர்மாய்டு சிஸ்ட்கள் வந்தால் நிறுத்தி யோசிக்க வேண்டும். 1950களில் அமெரிக்காவின் யூட்டாவில் எல்டன் கார்ட்னர் என்ற மரபியலாளர் ஒரு குடும்பத்தைத் தொடர்ந்து ஆராய்ந்து, தோல் சிஸ்ட்கள், எலும்புக் கட்டிகள், பெருங்குடலில் ஏராளமான பாலிப்புகள் மூன்றும் சேர்ந்து வருவதைக் கண்டார். இன்று அதற்குக் காரணம் ஏ.பி.சி. மரபணுவின் பழுது என்று தெரியும். கவனிக்காமல் விட்டால் அந்தப் பாலிப்புகளில் புற்று வருவது ஏறக்குறைய உறுதி. தோல் கட்டிகள் பாலிப்புகளுக்குப் பல வருடம் முன்னரே வந்துவிடும். தோல் மருத்துவரின் அறையில் கேட்கப்படும் "வீட்ல யாருக்காவது குடல் கேன்சர் இருந்துச்சா?" என்ற கேள்வி ஒரு குடும்பத்தையே காப்பாற்றக் கூடியது.

மேலை நாட்டுப் பாடநூல்களில் ஓரத்தில் கிடக்கும் சில நோய்கள் நம் பக்கம் நடுவில் வைத்துப் பேச வேண்டியவை. முதலாவது காசநோய். கழுத்துக் கணுவிலோ விலா எலும்பிலோ தொடங்கும் காசநோய், சூடும் சிவப்பும் இல்லாத குளிர்ந்த சீழ்க்கட்டியாகத் தோலுக்கடியில் திரளும். தொட்டால் நீர்க்கட்டி போலவே இருக்கும். கீறிவிட்டால் மாதக்கணக்கில் ஆறாத புரையோடும் துளை மிச்சமாகும். உறிஞ்சியெடுத்த சீழைக் காசநோய்க் கிருமியைக் கண்டறியும் ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனைக்கு அனுப்பி, மாத்திரையைத் தொடங்குவதுதான் வழி.

இரண்டாவது, நாடாப்புழுவின் இளம்புழு தசையிலும் தோலடியிலும் பையாகத் தங்கும் சிஸ்டிசெர்கோசிஸ். பன்றிக்கறி தின்பவருக்குத்தான் வரும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. புழு முட்டைகள் கலந்த நீராலும் கழுவாத காய்கறியாலும் வருவதால், அசைவத்தைத் தொடாதவருக்கும் வரும். ஸ்கேனில் நீள்வட்டப் பையும், அதன் ஓரத்தில் புழுவின் தலை ஒரு வெள்ளைப் புள்ளியாகவும் தெரிந்தால் அறுக்கவே வேண்டாம், மருந்து போதும். ஆனால் கையில் இருப்பதைப்போல் மூளையிலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாத்திரை. மூளையில் இருக்கும் புழு மருந்தில் சாகும்போது வலிப்பு வரக்கூடும். சாதாரண சிஸ்ட் என்று வெட்டிப் போட்டால் இந்தக் கேள்வி எழவே எழாது, வலிப்பு வரும்போதுதான் தெரியும்.

மூன்றாவது டைரோஃபைலேரியா. நாய்களின் இந்தப் புழுவைக் கொசு மனிதருக்குக் கடத்துகிறது. இலங்கையிலும் கேரளத்திலும் மருத்துவ இதழ்களில் தொடர்ந்து பதிவாகி வருகிறது. முகத்திலோ கண்ணைச் சுற்றியோ சிறு கட்டியாக வரும், சிலருக்கு இடம்கூட மாறும். அறுத்தால் நூல் போன்ற ஒரு புழு. எடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. முள்ளோ மரச்சிராயோ குத்திய இடத்தில் கருநிறப் பூஞ்சை ஒன்று வளர்ந்து பையாவதும் உண்டு. சிராய் மறந்துபோயிருக்கும், நுண்ணோக்கியில் சீழின் நடுவே அது இன்னும் கிடக்கும். தொழுநோயில் முழங்கை நரம்புக்குள் சீழ் திரண்டால் அதுவும் தோலடிக் கட்டியாகத்தான் வரும். கட்டியோடு சுண்டுவிரல் மரத்திருக்கிறதா என்று கேட்காமல் அறுத்தால் நரம்பே போய்விடும்.

இனிப் புற்றுநோய், எல்லாரும் முதலில் பயப்படுவது. சாதாரண எபிடெர்மாய்டு சிஸ்டே புற்றாக மாறுவது மிக மிக அரிது, அதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது முதலிலிருந்தே புற்றாக இருந்து, சிஸ்ட் போல் நடிக்கும் கட்டிகளைப் பற்றி. மெர்கெல் செல் புற்றுநோய் இதற்கு நன்கு ஆவணப்படுத்தப்பட்ட உதாரணம். வெள்ளைத் தோலினரிடம், முதுமையில், வெயில் படும் இடத்தில் வரும் கொடிய கட்டி அது. நம்மிடையே அபூர்வம். 195 நோயாளிகளை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வு, பயாப்ஸிக்கு முன் மருத்துவர்கள் என்ன நினைத்தார்கள் என்று பார்த்தது. தகவல் இருந்தவர்களில் 56 சதவீதத்தினருக்குத் தீங்கற்ற கட்டி என்றே கணித்திருந்தார்கள். அதில் அதிகம் எழுதப்பட்ட பெயர், சிஸ்ட். அவர்கள் திறமையற்ற மருத்துவர்கள் அல்லர். வலிக்காத, உருண்டையான, தோல் மூடிய கட்டிக்கு அவர்கள் கை அந்தப் பெயரைத்தான் சொன்னது. வித்தியாசம் ஒன்றில் இருந்தது: அந்த ஆய்வின் கட்டிகளில் பெரும்பாலானவை வேகமாக, மூன்று மாதத்துக்குள் பெரிதாகியிருந்தன. "எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்பதோடு நின்றுவிடாமல் "எவ்வளவு வேகமா வளர்ந்துச்சு?" என்றும் கேட்க வேண்டியது இதனால்தான்.

நம்மிடையே அதிகம் தவறுவது மென்திசுச் சார்கோமா என்ற புற்று. தொடையில் அல்லது தோளில் ஐந்தாறு செ.மீ. கட்டி. லைப்போமா என்றோ சிஸ்ட் என்றோ சின்ன ஆபரேஷன் தியேட்டரில் ஊசிமருந்து போட்டு எடுத்துவிடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்து வரும் ரிப்போர்ட்டில் சார்கோமா. இப்போது கட்டி இருந்த இடம் முழுவதும் புற்றுச் செல்கள் சிந்திக் கிடக்கும். முதலிலேயே சரியாகத் திட்டமிட்டிருந்தால் போதுமானதாக இருந்திருக்கக்கூடிய அறுவை, இப்போது இரட்டிப்பு அகலமாக, கதிர்வீச்சோடு சேர்த்துச் செய்ய வேண்டியதாகிறது. 5 செ.மீ.க்கு மேல் பெரிதாக இருந்தாலும், தசைக்கு ஆழத்தில் இருந்தாலும், வளர்ந்துகொண்டிருந்தாலும், எடுத்த இடத்திலேயே திரும்ப வந்தாலும், கத்திக்கு முன் ஸ்கேன் கட்டாயம். இந்த விதிக்கு நான் எந்த விலக்கும் ஏற்க மாட்டேன்.

கருவிகளில் நம் சூழலுக்கு மிகப் பயனுள்ளது அல்ட்ராசவுண்ட்தான். விலை குறைவு, வட்டத் தலைமை மருத்துவமனை வரை இருக்கிறது. எபிடெர்மாய்டு சிஸ்ட் அதில் தெளிவான விளிம்போடு தெரியும். பின்னால் ஒலி வலுத்து வெளுப்பாகும், உள்ளே இரத்த ஓட்டம் இருக்காது. தோலை நோக்கி நீளும் சிறு குழாய் தெரிந்தால் கணிப்பு உறுதி. உள்ளே இரத்த ஓட்டம் இருக்கும் கட்டி, நீர்க்கட்டி போல் கறுத்துத் தெரிந்தாலும் சிஸ்ட் அல்ல. பார்ப்பவரின் பழக்கத்தைப் பொறுத்தே இதன் மதிப்பு. தோலடிக் கட்டிக்கு வயிற்றுக்கு வைக்கும் புரோபையே வைத்துப் பார்த்து எழுதிய ரிப்போர்ட்டில் பெரிய பயன் இல்லை.

ஊசிப் பரிசோதனை இந்தியாவில் மற்ற நாடுகளைவிட அதிகம் நடக்கிறது. சாதாரண சிஸ்டில் உட்கரு இல்லாத தட்டைச் செல்கள் வரும், அத்துடன் முடியும். அதற்காக எல்லாக் கட்டியிலும் ஊசி குத்த வேண்டியதில்லை. கறுப்புப் புள்ளியோடு பளிச்சென்று இருக்கும் முதுகுச் சிஸ்டில் அது வீண்செலவு, அழற்சிக்கும் வழி. கழுத்துக் கட்டியில் அது இன்றியமையாதது. குழந்தையின் நடுக்கோட்டுக் கட்டியிலும் துடிக்கும் கட்டியிலும் செய்யவே கூடாது.

எடுத்த கட்டி ஒவ்வொன்றையும் திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே நீண்ட கருத்து வேறுபாடு இருக்கிறது. தேவையில்லை என்பவர்கள் சொல்வது: பெரிய தொகுப்புகளில் எதிர்பாராத புற்று 1 சதவீதத்துக்கும் குறைவாகவே வருகிறது, ஆய்வகங்களின் சுமை பெரிது, செலவை நோயாளிதான் ஏற்கிறார். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. கூலி வேலை செய்பவருக்கு அந்தத் தொகை ஒரு நாள் சம்பளத்துக்கு மேல். ஆனாலும் என் பக்கம் அனுப்புவதுதான். காசநோயும் நாடாப்புழுவும் பூஞ்சையும் இருக்கும் மண்ணில், எதிர்பாராத விடை புற்றாக மட்டும் இருப்பதில்லை. மருந்தால் தீரும் நோய் ஒன்று அந்தப் பாத்திரத்தில் கிடக்கலாம். எடுத்த கட்டியை ஒருமுறை வீசிவிட்டால், அது திரும்ப வரும்போது முதலில் என்னவாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அனுப்புவது என்றால் முறையோடு அனுப்ப வேண்டும். திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினின் அளவு கட்டியைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். ஊசி மருந்து பாட்டிலின் குறுகிய வாய்க்குள் திணித்து, கால்வாசி திரவத்தில் வரும் திசு நடுவில் அழுகிப்போயிருக்கும். காசநோயோ பூஞ்சையோ என்று சந்தேகம் இருந்தால், ஒரு துண்டை ஃபார்மலினில் போடாமல் சலைனில் தனியே அனுப்ப வேண்டும். ஃபார்மலின் பட்ட திசுவில் கிருமியை வளர்க்க முடியாது. உடன் வரும் படிவத்தில் "கட்டி, முதுகு" என்று இரண்டு சொல் எழுதினால் நோயியல் மருத்துவர் பாதிக் கண்ணோடுதான் பார்க்க நேரும். வயது, எந்த இடம், எவ்வளவு வேகமாக வளர்ந்தது, முன்பு எடுத்ததா, அறுக்கும்போது பையாக வந்ததா, உடைந்து வந்ததா, உள்ளே என்ன இருந்தது என்று ஐந்தாறு வரி எழுதினால் போதும். நோயாளியும் வீட்டுக்குக் கிளம்பும் முன் இரண்டு விஷயம் கேட்டு வைத்துக்கொள்ளலாம்: எடுத்தது ஆய்வகத்துக்குப் போகிறதா, ரிப்போர்ட்டை என்றைக்கு வந்து வாங்க வேண்டும்.